ஜன்னல் பாத்துப் போடு

இருபத்தொன்பது நிமிஷம் ஐம்பது விநாடி என்று திரையின் மூலையில் சிவப்பாக ஓடுகிறது. அறையை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம், அதற்குள் மூன்று பேருடைய விவரத்தையும் நிரப்பி முடியுங்கள் என்கிறது. பிடித்து வைத்திருக்கிறார்களாம். எட்டு வருஷம் என் புருஷனைப் பிடித்து வைத்திருந்தவர்கள் எனக்கு அரை மணி நேரம் ஓர் அறையைப் பிடித்து வைக்கிறார்கள், பெரிய மனசுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசைக்குப் போய் வந்து, சீலா மீன் குழம்பு வைத்து, பாத்திரம் கழுவி, கையில் இன்னும் அந்த வாசனை போகாமல் நான் சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடத்து லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலடியில் பாயில் ஜோவிட்டா தூங்குகிறாள், நாலரை வயது, வாய் திறந்திருக்கிறது. உள் அறையில் அவர் படுத்திருக்கிறார், வேறெங்கே, ஜன்னலடியில். பயணி ஒன்று, பெயர், ஜெனோவா கில்பர்ட். பயணி இரண்டு, கில்பர்ட் பெர்னாந்து. பயணி மூன்று, குழந்தை. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு கேள்வி கேட்கிறான், இதற்கு முன் எங்கள் கப்பலில் பயணம் செய்திருக்கிறீர்களா. எனக்கு இல்லை. அவருக்கு ஆம். அந்த ஆம் என்ற கட்டத்தை நான் அழுத்திய வேகத்தில் மவுஸே உடைந்திருக்கும். போகாதவரா, போனவர்தான், நன்றாகப் போனவர்தான். அந்தக் கப்பலின் பெயரை இந்த வீட்டில் நான் சொல்வதில்லை. சக்களத்தி பெயரை எவள் சொல்லுவாள்? இப்போது அவளே மே மாதம் சென்னைக்கு வருகிறாள், நாலு நாள், இலங்கை போய்த் திரும்புவது, குழந்தைகளுக்குத் தனி விளையாட்டிடம், தனி சாப்பாடு என்று விளம்பரம். செய்தித்தாளில் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். அந்தக் கப்பலில் ஒரு தடவை ஏறி, எதற்காக இந்த மனுஷன் என்னை விட்டுவிட்டுக் கிடந்தார் என்று என் கண்ணால் பார்க்காமல், இவரோடு இனி என்னால் குடித்தனம் பண்ண முடியாது.

இருபத்தேழு. பிறந்த தேதி. ஜோவிட்டாவின் பிறந்த தேதியை அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் வரும், அம்மா கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது. படம் உறைந்து நின்றது, அவர் வாய் பாதி திறந்தபடி. கட்டாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டு, "அடியில சிக்னல் வராது பிள்ள, என்ன செய்யச் சொல்லுத" என்றார். நான் தையல் வலியோடு, "நீச்சல் குளத்துப் பக்கம் போனா வருமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிப்பாம். அந்த வாரமே ஒரு போட்டோ அனுப்பினார், நீலச் சட்டை, பின்னால் குளம், அதற்குப் பின்னால் கடல், கையை அகல விரித்துக்கொண்டு, மகள் பிறந்த சந்தோஷத்தில் அப்பா என்று எழுதி. நான் அதைப் பார்த்தேன். பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது, பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, விளக்கடியில் போட்டிருந்தார்கள். சந்தோஷத்தில் அப்பா. கல்யாணமாகி ஐந்தாம் மாதம் போனவர். ஒன்பது மாசம் அங்கே, இரண்டு மாசம் இங்கே, இப்படியே எட்டு வருஷம். ரூம் சுத்தம் பண்ணும் வேலைதான், அதை அவர் ஒளிக்கவில்லை, நானும் கேவலமாக நினைக்கவில்லை. வேலை பத்து மணி நேரம் என்றால் மீதிப் பதினாலு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிந்தது. அந்தப் பதினாலு மணி நேரத்தைத்தான் மாதம் ஒரு போட்டோவாக எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் பனியன் போட்டுச் சாய்வு நாற்காலியில். வெள்ளைச் சட்டை போட்டுக் கம்பியில் சாய்ந்து. எல்லோரும் பார்த்தார்கள், என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும். "ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன மிஸ், ராஜா மாதிரி இருக்காரு" என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். ராஜாதான். ராணி இங்கே யூகேஜி பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜோவிட்டாவுக்கு ஏதாவது ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறான். அப்பா, என்று போடலாமா. தை மாதம் அவர் ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கியபோது பிள்ளை என் முந்தானைக்குப் பின்னால் போய், அவரைப் பார்த்து, என் போனைப் பார்த்து, போனை எடுத்து முத்தம் கொடுத்தாள். அவருக்கு நேரே வணக்கம் சொல்லச் சொன்னதற்கு, பள்ளிக்கூடத்துக்கு யாராவது பெரியவர்கள் வந்தால் சொல்வது மாதிரி கைகூப்பிச் சொன்னாள். இந்த மூன்று மாசத்தில் கொஞ்சம் பழகியிருக்கிறாள், தோளில் ஏறுகிறாள், ஆனால் ராத்திரி பயந்தால் என்னிடம்தான் வருவாள். நேற்று கேட்டாள், "கப்பல்லயும் அப்பா போனுக்குள்ளதான் இருப்பாங்களா?" அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.  அவர் எதற்குத்தான் பதில் சொல்கிறார்? வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறார். எங்கள் படுக்கை அறைக்குள் வருவதற்கே திறந்து கிடக்கும் கதவை இரண்டு தடவை தட்டிவிட்டு நிற்கிறார், நான் வாங்க என்று சொல்ல வேண்டும். கட்டிலை இழுத்து ஜன்னலடியில் போட்டுக்கொண்டார். ஜன்னல் கதவைச் சாத்த விடுவதில்லை, கொசு வருகிறது, போன வாரம் மழை பெய்து மெத்தை நனைந்து, பிள்ளைக்குச் சளி பிடித்து, நான் கத்தின கத்தலில் மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எழுந்து மெத்தையைத் தூக்கிக் காயப்போட்டார். மறுநாளும் ஜன்னல் திறந்துதான் இருந்தது. கப்பலில் கடல் காற்று வாங்கியே பழகின உடம்பு, இந்த இரண்டாம் ரயில்வே கேட் தெருவில் மூச்சு முட்டத்தான் செய்யும் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு விநாடி தோன்றியது. அப்புறம் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் மொத்தமாகப் பேசியது நாலு வார்த்தை. முதலில், "எதுக்குப் பிள்ள? கொடைக்கானல் போவோம்" என்றார். நான், "எனக்கு மலை வேண்டாம். ஒங்க கப்பல்தான் வேணும்" என்றேன். அது முந்தாநாள். இன்றைக்குக் காலையில் பூசைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போடுறதுன்னா ஜன்னல் இருக்கதா பாத்துப் போடு" என்றார். எனக்கு உச்சியில் ஏறியது. பார், வாயைத் திறந்தால் சொகுசு. பூசை முழுக்க அதுதான் காதில் ஓடியது, சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்றே தெரியாது. ஜன்னல் பாத்துப் போடு, ஜன்னல் பாத்துப் போடு. அவருக்குக் கடல் தெரிய வேண்டுமாம், படுத்துக்கொண்டே. அதனால்தான் வேண்டுமென்றே தேடி உள்ளறையைப் போட்டிருக்கிறேன். ஜன்னலே கிடையாது. நாலு பக்கமும் சுவர், ஒரு சுவரில் திரைச்சீலை மட்டும் ஏமாற்றுக்குத் தொங்குகிறது படத்தில். நாலு நாள் இருந்து பார்க்கட்டும். எனக்கென்ன, தூத்துக்குடியில் பிறந்தேன் என்றுதான் பேர், இன்றுவரை தோணியில்கூட ஏறினதில்லை. கடல் எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. பிள்ளை கம்பியில் ஏறிவிடுவாளோ, ஒரு எட்டு இவரிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வருவதற்குள், இல்லை, இல்லை, நினைக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கு மிதவைச் சட்டை அளவு இருக்குமா. வாந்தி எடுத்தால் என்ன மருந்து. எல்லாவற்றையும் நான்தான் நினைக்க வேண்டும். பத்தொன்பது நிமிஷம். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்கிறான். எட்டு வருஷமாக அவருடைய காகிதங்களில் எல்லாம் அந்த இடத்தில் என் பெயர்தான் இருந்தது. ஒரு அவசரத்துக்காவது ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

பாஸ்போர்ட் எண் வேண்டும். பச்சை ஃபைல், பீரோவின் மேல் தட்டு. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன், ஓசையில்லாமல், அவரை எழுப்பி ஜன்னலைப் பற்றிக் கேட்க வைக்க வேண்டாம். என் பாஸ்போர்ட், பிள்ளையுடையது, அவருடையது தடித்துப் போய், அதற்குள்ளிருந்து ஒரு அட்டை விழுந்தது. அவருடைய பழைய கப்பல் அடையாள அட்டை, போட்டோவில் கன்னம் ஒட்டி. கீழே, பி 217, மேல் படுக்கை. ஓ, இதுதானா அரண்மனை. அந்த அறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேரே போய் நின்று, மகளிடம், இதுதான்டி உன் அப்பா இருந்த இடம் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆத்திரம். கப்பலின் வரைபடத்தைத் திறந்தேன். மேலிருந்து ஒவ்வொரு தளமாக வருகிறது. பதினொன்றில் குளம், அந்தக் குளம், எனக்கு மனப்பாடம். பத்து, ஒன்பது, எட்டு, எல்லாம் அறைகள். ஐந்தில் சாப்பாட்டுக்கூடம். நாலு. மூன்று. அத்தோடு நின்றுவிட்டது. பி என்று ஒன்றைக் காணோம். கீழே கப்பலின் வயிறு மட்டும் நீலமாக, ஒன்றும் எழுதாமல். சந்தேகத்துக்கு அழைக்கவும் என்று ஓர் எண் இருந்தது. பதினாலு நிமிஷம் இருந்தது. அழைத்தேன். சுகன்யா என்று ஒரு பெண், சென்னைக் குரல், "சொல்லுங்க மேடம்" என்றாள். "பி இருநூத்திப் பதினேழுன்னு ஒரு ரூம், அது எந்தப் பக்கம் வரும்மா?" என்றேன். "பி டெக் பேசஞ்சர்ஸுக்கு இல்ல மேடம், அது ஸ்டாஃப் தங்கற இடம். வாட்டர் லெவலுக்குக் கீழ வரும்." "அங்க ஜன்னல் இருக்குமா?" அவள் சிரித்துவிட்டாள், குத்தலாக இல்லை, சின்னப் பெண், "தண்ணிக்குள்ள எப்படி மேடம் ஜன்னல் வைப்பாங்க?" என்றாள். வேறு எதுவும் உதவி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். நன்றியும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடியில சிக்னல் வராது பிள்ள. அடியில. எத்தனை தடவை சொல்லியிருப்பார். அடி என்றால் நான் என்ன நினைத்தேன்? ஏதோ கீழ் மாடி, மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா. அப்படியானால் போட்டோ? போட்டோ பொய்யில்லையே, குளம் இருக்கிறது, அவர் இருக்கிறார். நான் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், இந்த லேப்டாப்பிலேயே, வருஷம் வாரியாக, வயிறெரிவதற்கு வசதியாக. ஜோவிட்டா பிறந்த வருஷத்தைத் திறந்தேன். நீலச் சட்டை. மஞ்சள் பனியன். வெள்ளைச் சட்டை. கட்டம் போட்டது. ஏழு படம், ஏழு மாசம் வந்தவை. எதிலும் வேறு ஆளே இல்லை. எல்லா நாற்காலியும் காலி, துண்டுகள் மடித்தபடி. அன்றைக்கே கேட்டிருக்கிறேன், ஏன் ஈ காக்காயைக் காணோம் என்று. "நாங்க போற நேரம் ஆளுவ இருக்க மாட்டாங்க" என்றார், நான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். பழைய ஆட்கள் இறங்கிப் புது ஆட்கள் ஏறும் நாளில் நடுவில் இரண்டு மணி நேரம் கப்பல் காலியாகக் கிடக்கும் என்று எப்போதோ ஒரு தடவை சொன்னார், வேறு ஏதோ பேச்சில். நீலச் சட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி, ஓரத்தில் அழுக்கு, ஒரு முனை கிளம்பி நிற்கிறது. மஞ்சள் பனியன், இடது கட்டைவிரல், பிளாஸ்திரி, அதே முனை கிளம்பி. வெள்ளைச் சட்டை. கட்டம் போட்டது. ஏப்ரலில் பட்ட காயம் அக்டோபர் வரை ஆறாமல் இருக்குமா? ஒரே நாள். ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம், பைக்குள் ஏழு சட்டையை அள்ளிக்கொண்டு மேலே ஓடி, காலி நாற்காலிகளுக்கு நடுவே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, எவன் கையிலோ போனைக் கொடுத்து, சிரித்து, கையை விரித்து, திரும்ப இறங்கிப் போய், மாசம் ஒன்றாக எனக்கு. சட்டையை மாற்றத் தெரிந்த மடையனுக்கு விரலை மறைக்கத் தெரியவில்லை. அடுத்த வருஷத்தைத் திறந்தேன். பிளாஸ்திரி இல்லை, ஆனால் ஐந்து படத்திலும் தாடையில் ஒரே சவரக் கீறல். அதற்கு மேல் திறக்கவில்லை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது, இத்தனை நாள் பட்ட கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எவன் கேட்டான் உன்னிடம் போட்டோ? நான் அடியில் கிடக்கிறேன், பகலா இரவா தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன்? உனக்காகக் கோயிலில் தேர் மாதாவிடம் முட்டி போட்டிருப்பேன். உன் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருப்பேன். என்னை எட்டு வருஷம் பொறாமைக்காரியாக உட்கார வைத்துவிட்டாயே. நான் உன்னைச் சபித்திருக்கிறேன் தெரியுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரிகளில், அந்தக் குளத்திலேயே முங்கிச் சாகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அந்த நேரம் நீ தண்ணீருக்குக் கீழேதான் படுத்திருந்திருக்கிறாய். அந்தச் சாபத்தையெல்லாம் இப்போது நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உன்னை மன்னிக்கலாம் என்றால் அந்தக் குளத்துக்காக மன்னிப்பேன், இதற்காக எப்படி மன்னிப்பது? பெருமைக்காகவா செய்தாய், எனக்காகவா? எனக்காக என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏழு நிமிஷம் என்கிறது மூலையில். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்ன மனுஷன். ஜன்னல் பாத்துப் போடு. நனைந்த மெத்தை. கதவை இரண்டு தடவை தட்டிவிட்டு நிற்பது. நான் பிடித்து வைத்திருக்கும் அறையின் படம் திரையில் அப்படியே இருக்கிறது, நாலு சுவர், ஏமாற்றுத் திரைச்சீலை.

அறையை மாற்று என்பதை அழுத்தினேன். மாற்றினால் இப்போது பிடித்து வைத்திருப்பது போய்விடும், சம்மதமா என்றான். சம்மதம். ஜன்னல் உள்ள அறை, மூன்று பேர். இல்லை என்று வந்தது. பால்கனி உள்ளது, இல்லை. தேதி மாற்றிப் பார், அந்தக் கப்பல் சென்னையிலிருந்து போவதே இரண்டு தடவைதான், அதிலும் இல்லை. பிடித்து வைத்திருந்ததும் போயிற்றா என்று பார்த்தால் உள்ளறைகள் மட்டும் தாராளமாகக் கிடக்கின்றன, அதற்கு எப்போதும் பஞ்சமில்லை.  மறுபடி தேடினேன், மேலிருந்து கீழே தளம் தளமாக, யூகேஜி பிள்ளை எழுத்துக் கூட்டுவது மாதிரி ஒவ்வொரு கட்டமாக. ஆறாம் தளத்தில் ஒன்று காட்டியது. ஜன்னல் உண்டு, மூன்று பேர் படுக்கலாம், பக்கத்தில் சின்ன எழுத்தில், வெளியே உயிர்காப்புப் படகு தொங்குவதால் காட்சி பாதி மறையும். நமக்கென்று வருவது இப்படித்தான் வரும். பிடித்தேன். மூலையில் எண் திரும்பவும் முப்பதிலிருந்து ஓடத் தொடங்கியது, எல்லாப் பெயரையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஜெனோவா. இல்லை. ஜோவிட்டா. இல்லை. கில்பர்ட் பெர்னாந்து, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், இதற்கு முன் எங்கள் கப்பலில் பயணம் செய்திருக்கிறீர்களா.

திறந்து கிடக்கும் கதவை யாரோ இரண்டு தடவை தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். உள் அறை வாசலில் நிற்கிறார், தூக்கம் கலையாத கண், என் வாயிலிருந்து வாங்க வரவேண்டும் என்று.

"ஒங்க வீடுதான இது. வாங்க."

வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "முடிச்சிட்டியா?"

"முடியப் போவுது."

"ஜன்னல்?"

"இருக்கு. பாதி."

அவர் குனிந்து திரையைப் படித்தார். கம்பெனியின் படிவங்கள் அவருக்குப் பழக்கம், சீக்கிரம் படித்துவிடுவார். அவர் மூச்சு என் காதோரம் பட்டது. மேசையில் பச்சை ஃபைலின் மேல் அந்த அட்டை முகம் தெரியக் கிடந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் அவர் பெயருக்குக் கீழே, இல்லை என்ற கட்டத்தை அழுத்தினேன்.

"இங்க தப்பாப் போட்டிருக்க பிள்ள," என்றார். "எனக்கு ஆமான்னு வரணும்லா. எட்டு வருஷம் போயிருக்கேனே."

"எங்க போனீய?" என்றேன்.

அப்போதுதான் அட்டையைப் பார்த்தார். கை நீண்டு, பாதியில் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. அவர் பதில் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன், இருபத்தாறு நிமிஷம் இருந்தது, எட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அது ஒரு நேரமா.  மெதுவாகத் தரையில், பாயின் ஓரத்தில், ஜோவிட்டாவின் காலருகில் உட்கார்ந்தார். அவள் தூக்கத்தில் உதைத்தாள், அந்தக் காலை நகர்த்தாமல் அப்படியே மடியில் விட்டுக்கொண்டார். நான் திரும்பவில்லை. உறுதி செய் என்பதை அழுத்தினேன், வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது, மூன்று பேர் பெயரும் வந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"படகு எந்தப் பாதிய மறைக்கும்?"

"கீழ்ப் பாதிய."

"அப்ப சரி," என்றார். "தண்ணி தெரியாது."